புகாருக்குப் போன மதுரைக்காரர்கள்: மூன்று நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், வெள்ளி இரவு, மயிலாடுதுறை

பூம்புகாரில் உள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு பயணம் போக வேண்டும் என்று நான் சொன்னபோது, வீட்டில் முதலில் சம்மதித்தவர் என் மாமியார்தான். எழுபதைக் கடந்த அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் கண்ணகி என்ற பெயரைக் கேட்டால் அந்த வலியை அவர் மறந்துவிடுவார். மதுரை செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்கு உள்ள சந்நிதிக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருபவர் அவர். ‘அவள் பிறந்து வளர்ந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வருவோம்’ என்று அத்தை சொன்ன பிறகு, மற்றவர்கள் மறுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஐந்து பேர் கிளம்பினோம்: அத்தை, என் கணவர், நான், பன்னிரண்டு வயதில் பரதம் பயிலும் மகள், ஒன்பது வயது மகன். மதுரையிலிருந்து ரயிலில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு வருவது, கோவலனும் கண்ணகியும் போன வழியை ஏறத்தாழப் பின்னோக்கித் திரும்பி வருவது போலத்தான். அவர்கள் இன்றைய பூம்புகாரான புகாரிலிருந்து காவிரியின் வடகரையை ஒட்டித் திருவரங்கம் வரை நடந்து, ஆற்றைக் கடந்து உறையூருக்கு வந்து, அதன் பிறகு தெற்கே திரும்பினார்கள். நாங்கள் மாலையில் சன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

திருச்சி தாண்டியதும் மகன் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்கத் தொடங்கினான். சிலப்பதிகாரத்தை ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரையுடன் மடியில் வைத்திருந்த எனக்கு அது சரியான தருணமாக அமைந்தது. அதன் நாடுகாண் காதை என்னும் பகுதியில் கண்ணகியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறாள். ஊர் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் நடப்பதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு வாங்குகிறது, பாதங்கள் நோகின்றன. ‘மதுரை மூதூர் யாது?’ என்று அவள் கேட்க, கோவலன் சிரித்துக்கொண்டே ‘ஆறைங் காதம், பக்கத்தில்தான்’ என்கிறான். ஆறைங்காதம் என்றால் ஆறைந்து முப்பது காதம். முப்பது என்று சொன்னால் அவள் மலைத்துவிடுவாள் என்பதால்தான் ஆறு, ஐந்து என்று பிரித்துச் சொன்னான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அந்தச் சிரிப்பு எவ்வளவு துயரமானது என்பதைப் படிப்பவர்தான் உணர முடியும். மகன் அதில் துயரம் எதையும் காணவில்லை. ‘அப்பாவும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் என்று ஏமாற்றுவார்’ என்றான்.

விடுதிக்கு வந்து சேரும்போது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. கோவலன் போல வைகறையில் எழுந்து புறப்படும் எண்ணம் எங்களில் எவருக்கும் இல்லை.

இரண்டாம் நாள், சனி, பூம்புகார்

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வயல்களின் ஊடாகச் செல்லும் பேருந்துப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காற்றில் உப்பு வாடை வந்ததும் அத்தை கைகூப்பிக்கொண்டார் என்பதைத் தவிர.

கலைக்கூடம் கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. 1973ஆம் ஆண்டு, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் எழுப்பப்பட்டது. கோயில் விமானம் போல மேலே போகப்போகச் சுருங்கும் ஏழு நிலைகள் கொண்ட இந்த மாடத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதையும் ஒரு கோயில் என்றே எண்ணிக்கொள்வார்கள். அத்தை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார், யாரும் கழற்றச் சொல்லாமலேயே. அவருக்காக நாங்களும் கழற்றினோம்.

ஏன் ஏழு நிலை என்பதற்குக் காப்பியத்திலேயே விடை இருக்கிறது. மணமான புதிதில் கோவலனும் கண்ணகியும் ‘நெடுநிலை மாடத்து இடைநிலத்து’ அமர்ந்திருக்கிறார்கள். பூக்களின் மணத்தை ஏந்திய தென்றல் வண்டுகளோடு சேர்ந்து சாளரம் வழியே உள்ளே நுழைய, மகிழ்ந்துபோய் இருவரும் நிலா முற்றத்துக்கு ஏறுகிறார்கள். நெடுநிலை மாடம் என்பதை ஏழு நிலை மாடம் என்று உரை விளக்குகிறது. ‘அப்படியானால் அவர்கள் இருந்தது நாலாவது மாடி’ என்று மகள் விரல்விட்டு எண்ணி, வெளியிலிருந்தே நான்காம் நிலையைக் காட்டினாள். அதன் பிறகு அந்தக் கட்டடம் எனக்குக் கோயிலாகத் தோன்றவில்லை. மாசாத்துவானின் மகனும் மருமகளும் வாழ்ந்த வீடாகவே தோன்றியது. சிலப்பதிகாரம் பாடிய புகார் நகரில் ஒரு மாளிகைகூட இன்று நிற்கவில்லை என்ற நிலையில், பாட்டிலிருந்து எடுத்து ஒரு வீட்டைத் திரும்பக் கட்டியவர்களின் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

உள்ளே நுழைந்தால் வெயிலின் கூச்சம் சட்டென்று அகன்று, கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுகிறது. சுவர்களில் காப்பியத்தின் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. வேகமாக நடப்பவர் கால் மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். எங்களுக்கு முன்னால் சென்ற ஒரு குழுவினர் அப்படித்தான் முடித்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே ஒவ்வொரு கல்லையும் பார்த்து ‘ஆமாம், இது இது’ என்று தலையசைத்துவிட்டு நகர்வதுதான் இயல்பு. நாங்கள் வேறு விதமாகச் செய்ய முடிவு செய்திருந்தோம். ஒவ்வொரு காட்சியின் முன்னும் நின்று அதற்குரிய அடிகளை மகள் வாசிக்க வேண்டும், நான் பொருள் சொல்ல வேண்டும், பிறகு அத்தை தமக்குத் தெரிந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் எதிர்பாராதது, இளங்கோவின் கதையும் அத்தையின் கதையும் இத்தனை இடங்களில் மோதிக்கொள்ளும் என்பதைத்தான்.

அத்தையின் கதை பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி வீடுகளில் வாசிக்கப்பட்ட கோவலன் கதை. அவருடைய தாயார் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு ராகம் போட்டுப் படிக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்து கேட்டது. அந்தக் கதையில் கண்ணகி வணிகன் வீட்டில் பிறந்தவளே அல்ல. காளியே பாண்டியனுக்கு மகளாக, காலில் சிலம்போடு பிறக்கிறாள். நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்ல, குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட, அது மிதந்து புகாருக்கு வந்து சேருகிறது. ‘பெற்ற மகள் என்று தெரியாமலே அவள் புருஷனைக் கொன்றான் பாண்டியன்’ என்று அத்தை சொன்னபோது, மணமகளாக நின்ற கண்ணகியின் சிற்பத்தை மகன் புதிதாகப் பார்த்தான். இளங்கோவின் கண்ணகியோ மாநாய்கன் மகள். மணம் நடந்தபோது ஈராறாண்டு அகவையாள், அதாவது பன்னிரண்டு வயது. கோவலனுக்குப் பதினாறு. பன்னிரண்டு என்று படித்ததும் மகள் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் அடுத்த கல்லுக்கு நகர்ந்தேன். சில இடங்களில் உரையாசிரியர்களும் துணைக்கு வருவதில்லை.

அடுத்த முக்கியமான மோதல் மாதவியின் அரங்கேற்றத்தில் வந்தது. மாதவிக்கும் அப்போது பன்னிரண்டு வயதுதான். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, மன்னன் முன் ஆடுகிறாள். அத்தையின் கதைப்படி ஆடி முடித்த மாதவி மாலையைச் சுழற்றி வீச, அது கோவலன் கழுத்தில் போய் விழுந்து கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்கிறது. குற்றம் முழுவதும் மாலைக்கும் மாதவிக்கும்தான். இளங்கோ சொல்வது வேறு. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமானமுள்ள மாலையை ஒரு கூனி கையில் கொடுத்து, நகர இளைஞர் திரியும் தெருவில் நிறுத்துகிறார்கள். மாலையை வாங்குபவனே மாதவிக்கு உரியவன். கோவலன் பணம் கொடுத்து வாங்குகிறான். ‘வாங்கினானா, விழுந்ததா?’ என்று மகன் கேட்டான். வாங்கினான் என்று மகள் அடித்துச் சொன்னாள். ‘அந்தச் சிறுக்கிக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய்?’ என்று அத்தை கேட்க, கூடம் முழுவதும் எதிரொலித்த அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

வழக்குரைக் காதைக் காட்சிக்கு வந்தபோது நாங்கள் மதுரைக்காரர்கள் என்ற உணர்வு எனக்கு முதன்முறையாக உறுத்தியது. எங்கள் ஊரில் நடந்த கொலையைப் பற்றி, கொலையுண்டவனின் ஊரில் நின்றுகொண்டு படிக்கிறோம். மகள் குரலைத் தாழ்த்தி வாசிக்கத் தொடங்கினாள். நீ யார் என்று கேட்ட பாண்டியனுக்குக் கண்ணகி தன் பெயரை உடனே சொல்வதில்லை. புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவனையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் முதலில் சொல்லி, ‘பெரும்பெயர்ப் புகாரென் பதியே’ என்கிறாள். நீதிக்குப் பெயர்போன ஊரிலிருந்து வந்தவள் நான் என்பதுதான் அவளுடைய முதல் வாதம். இந்த அடியை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். புகாரிலேயே நின்று ஒரு சிறுமியின் குரலில் அது ஒலிக்கக் கேட்டது வேறாக இருந்தது.

சிற்பத்தில் கண்ணகியின் கையில் சிலம்பு இருக்கிறது. ஆனால் வழக்கைத் தீர்ப்பது சிலம்பு அல்ல, சிலம்புக்குள் இருக்கும் பரல். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எம்முடையது முத்து என்கிறான் அவன். உடைத்ததும் மாணிக்கப் பரல் ஒன்று மன்னனின் வாய் அருகே தெறிக்கிறது. மூடிய சிலம்புக்குள் இருப்பதை எந்தச் சிற்பி செதுக்கிக் காட்ட முடியும்? இந்த ஓர் இடத்துக்காகவாவது புத்தகத்தோடு வர வேண்டும் என்பேன். மகன்தான் கடினமான கேள்வியைக் கேட்டான்: ‘கொல்வதற்கு முன்பே உடைத்துப் பார்த்திருக்கலாமே?’ என் கணவர் வழக்கமாக எதற்கும் விடை வைத்திருப்பவர். அவர் பேசாமல் நின்றார். மதுரையைத் தீயிட்டபோது பசுவையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள் என்று நான் சொன்னதும், ‘அப்படியானால் நானும் அப்பத்தாவும் தப்பித்தோம்’ என்று அவனே கணக்குப் போட்டு ஆறுதல் அடைந்தான். பத்தினிப் பெண்டிரும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை என் கணவருக்கு நினைவூட்டினேன். எங்கள் ஐவரில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

வஞ்சிக் காண்டத்தின் காட்சிகளை, இமயத்துக் கல்லையும் சேரனின் படையெடுப்பையும், சற்று விரைவாகவே கடந்தோம். பசி ஒரு காரணம். மனம் மதுரையிலேயே நின்றுவிட்டது இன்னொரு காரணம். அத்தைக்கும் அந்தப் பகுதியில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒரு திண்டில் அமர்ந்து, சிறுமியாக இருந்தபோது கொட்டகையில் பார்த்த ‘பூம்புகார்’ என்ற 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு வசனம் எழுதியவரும் இந்தக் கூடத்தைக் கட்டுவித்தவரும் ஒருவரே என்றதும், ‘அதுதான் இந்த முகங்களெல்லாம் பேச வருவது மாதிரியே இருக்கின்றன’ என்றார். நான் கேட்ட கலை விமரிசனங்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். கானல்வரி நடந்தது காவிரி கடலோடு கலக்கும் இந்தப் பக்கத்தில்தான். கோவலன் யாழை வாங்கி வேறொருத்தியை நினைப்பது போலப் பாட, மாதவியும் யாழை வாங்கி வேறொருவனை நினைப்பது போலப் பாட, அவன் எழுந்து போய்விடுகிறான். ‘ஒரு பாட்டுக்காகவா?’ என்றாள் மகள். ஒரு பாட்டுக்காகத்தான்.

அரங்கேற்று காதையில் உள்ள அரங்கின் அளவுகளை மணலில் வரைந்து பார்ப்பது என்பது என் கணவரின் யோசனை. அளவுகோலின் நீளம் இருபத்து நான்கு பெருவிரல் அகலம். அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே நான்கு கோல். மகன் தன் விரலால் அளந்தால் அரங்கு மிகச் சிறியதாகிவிடும் என்பதால், அப்பாவின் பெருவிரலை வைத்து ஒரு குச்சியை அளந்து முறித்தோம். கோல் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்தக் கணக்குப்படி அரங்கின் அகலம் பதினோரு அடி, நீளம் பன்னிரண்டரை அடி. எங்கள் வீட்டுக் கூடத்தை விடச் சிறியது. சோழ மன்னன் முன்னால் நடந்த ஆட்டத்துக்கு இவ்வளவு சிறிய மேடையா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மகள் உள்ளே இறங்கி ஓர் அடவைப் போட்டுப் பார்த்துவிட்டு, தனியாக ஆடுபவருக்கு இது போதும், ஆனால் மேலே ஆறு அடியில் பலகை இருந்தால் கையை உயர்த்திக் குதிக்க முடியாது என்றாள். அளவுக்கு உரியவனாக உரை சொல்லும் உத்தமனின் பெருவிரல் அப்பாவுடையதை விடப் பருமனாக இருந்திருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. என் கணவர் இதற்கு வருந்தவில்லை என்றார்.

அந்த அரங்கில் தூண்களின் நிழல் ஆடுகளத்திலும் அவையிலும் விழாதபடி விளக்குகளை அமைத்தார்கள் என்றும், மூன்று வகைத் திரைகள் இருந்தன என்றும் நூல் சொல்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, இரண்டு பக்கத்திலிருந்து வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. மகன் தன் துண்டை வைத்து மூன்றையும் நடித்துக் காட்டினான். அத்தை முழங்கால் வலியால் எங்களுடைய அரங்கின் நட்ட நடுவில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவும் மறுத்துவிட்டார். ஆகவே ஆட்டம் அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள், ஞாயிறு, திரும்பும் வழியில்

காலையில் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகத்துக்குச் சென்றோம். 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிறிய இடம். நிலத்திலும் கடலுக்கு அடியிலும் நடந்த ஆய்வுகளில் கிடைத்தவற்றை வைத்திருக்கிறார்கள். கலைக்கூடத்தில் முழு உருவங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு உடைந்த ஓடுகள் முதலில் சலிப்பூட்டும். மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. கீழையூரில் அகழ்ந்து கண்ட செங்கல் படகுத்துறையைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தான். படகைக் கட்டுவதற்காக நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதி அங்கே கிடைத்தது. அதை ஆராய்ந்து, கிறித்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டு என்று காலம் கணித்திருக்கிறார்கள். கோவலன் கதை உண்மையா என்ற கேள்விக்கு அந்தத் தூண் பதில் சொல்லாது. ஆனால் இங்கே படகுகள் வந்து நின்றன என்பதை அது சொல்லும். பல்லவனீச்சரத்தின் அருகே இருக்கும் பழைய பௌத்த விகாரத்தின் செங்கல் அடித்தளத்தையும் பத்து நிமிடம் பார்த்தோம். அத்தை வரவில்லை, மரத்தடியில் இருந்துகொண்டார்.

பேருந்தில் அவர் மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மற்ற எதையும் கேட்காமல், ‘கோவலன் செத்த பிறகு அந்த மாதவி என்ன ஆனாள்?’ என்று கேட்டார். நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

மகள் முதலில் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். மதுரைக்குப் போகும் வழியில் கோவலனுக்கு மாதவியின் இரண்டாவது ஓலை வந்து சேர்கிறது. அடிகள் முன்னர் விழுந்தேன், என் தெளிவில்லாத சொற்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு இரவில் புறப்படும்படி நான் செய்த பிழை என்ன என்று அதில் இருக்கிறது. படித்த கோவலன் தவறு தன்னுடையது என்று உணர்கிறான். அதைவிட ஒன்று: அந்த ஓலையின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய சொற்களாகவே இருப்பதைக் கண்டு, அதையே அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறான். மாதவியின் மன்னிப்புக் கடிதம் மாசாத்துவான் வீட்டுக்குப் போகிறது. பிறகு, நீர்ப்படைக் காதையில் மாடலன் என்னும் அந்தணன் சொல்லும் செய்தியை மகள் சொன்னாள். கோவலன் இறந்ததைக் கேட்ட மாதவி, மணிமேகலையைக் கணிகையர் வழியில் விடாதே என்று தன் தாயிடம் சொல்லிவிட்டு, மாலையோடு கூந்தலைக் களைந்து துறவு பூண்டாள்.

அத்தை நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்கள் முடிந்து மயிலாடுதுறையின் முதல் கட்டடங்கள் தெரியத் தொடங்கின.

‘எங்கள் கதையில் இதைச் சொல்லவே இல்லையே, கண்ணு’ என்றார்.

பிறகு, அந்த ஓலையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.